சிறந்த பேஸ்பால் ஃபீல்டர்கள்: பட்டியல் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

புதிதாக பேஸ்பால் பார்க்கத் தொடங்கிய அலுவலக நண்பர் ஒருவர், எல்லாக் காலத்துக்குமான பத்து ஃபீல்டர்கள் என்று ஒரு பட்டியலை நீட்டினார். படித்ததும் எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் நான் போட்ட பட்டியல் அப்படியே இருந்தது, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) இடத்தில் நியூயார்க் யாங்கீஸ் நட்சத்திரம் டெரிக் ஜீட்டர் உட்பட. ஷார்ட்ஸ்டாப் என்றதும் எல்லோரும் சொல்லும் ஓசி ஸ்மித்தை மறக்காதே என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

எரர் கணக்கை நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. சாதாரண முயற்சியில் எடுத்திருக்க வேண்டிய பந்தைக் கோட்டைவிட்டால் எரர். பந்துக்குப் பக்கத்திலேயே போகாதவர் மேல் எரர் விழாது, அது பேட்டருக்கு ஹிட் (அடித்துத் தன் திறமையால் பேஸை எட்டியதாகக் கணக்கு) ஆகிவிடும். ஓடிப்போய் எட்டியவனுக்குக் கெட்ட பெயர், நின்ற இடத்தில் நின்றவனுக்கு நல்ல பெயர்!

சிறுவர் லீக் ஒன்றில் ஒரு சீசன் ஸ்கோர் நோட்டு எழுதினேன். எங்கள் ஷார்ட்ஸ்டாப் பையன் இரண்டாம் பேஸுக்குப் பின்னால் போகும் பந்துக்கும் விழுந்தடித்துக் கையை நீட்டுவான். கிளவ் நுனியில் பட்டுத் தெறிக்கும். நான் பெரிய மனுஷன் மாதிரி 'ஈ-6' என்று எழுதிவிடுவேன் (6 என்பது ஷார்ட்ஸ்டாப்பின் எண்). அதில் பாதியை ஹிட் என்று எழுதியிருக்க வேண்டும், அது வேறு கதை. இன்னொரு அணியின் பையன் அதே மாதிரிப் பந்தை வேடிக்கை பார்ப்பான், நோட்டில் ஹிட். கடைசியில் சிறந்த ஃபீல்டர் கோப்பை வேடிக்கை பார்த்தவனுக்குப் போனது. என் நோட்டைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

பெரிய லீக்கிலும் இதே கதைதான். 1980-ல் சான் டியாகோவுக்கு ஆடிய ஓசி ஸ்மித் செய்த எரர் 24. அதே சீசனில் அவர் அசிஸ்ட் (பந்தை எறிந்து அவுட்டுக்கு உதவியது) 621. ஒரு சீசனில் எந்த ஷார்ட்ஸ்டாப்பும் அதைத் தாண்டியதில்லை. 2010-ல் ஜீட்டருக்கு வெறும் 6 எரர், கையில் ஐந்தாவது கோல்டு கிளவ் (ஒவ்வோர் இடத்திலும் சிறந்த ஃபீல்டருக்கு வருடாவருடம் தரும் விருது). அசிஸ்ட் 400-ஐக்கூடத் தொடவில்லை. ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் பந்தை மைதானத்துக்குள் அடிக்காமலே அவுட் ஆவது) பெருகி, தரையில் உருளும் பந்து குறைந்துவிட்ட காலம் என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம், சரி. அப்படியும் இடைவெளி பெரிது. அவருடைய இடப்பக்கம், நடு மைதானத்தை நோக்கி உருளும் பந்துகள் வருடக்கணக்கில் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுகூட எரர் கணக்கில் வராது.

அதனால் எத்தனை தவறவிட்டார் என்று பார்க்காமல், எத்தனை பேரை அவுட் ஆக்கினார் என்று முதலில் பாருங்கள். அப்புறம் அந்த அணியின் பிட்சர்கள் (பேட்டருக்குப் பந்து எறிபவர்கள்) எப்படிப்பட்டவர்கள் என்று பாருங்கள். தரையில் உருள வைக்கும் பிட்சர்கள் இருந்தால் ஷார்ட்ஸ்டாப்புக்குத் தானாகவே வேலை கூடும்.

ஒரே கேட்சில் மயங்குவது

2004 ஜூலையில் ஜீட்டர் ஓடிவந்து பந்தைப் பிடித்து, அதே வேகத்தில் பார்வையாளர் வரிசைக்குள் பாய்ந்து, முகத்தில் ரத்தத்தோடு எழுந்தார். நானும் அதில் விழுந்தவன்தான். 1954 உலகத் தொடரில் (அமெரிக்க சீசனின் இறுதித் தொடர்) வில்லி மேஸ் முதுகைக் காட்டி ஓடியபடி பிடித்தது இன்னும் பிரபலம். ஆனால் அந்தப் பந்து இல்லாவிட்டாலும் மேஸ் பட்டியலில் இருப்பார். அந்த ஒரு வீடியோவை அழித்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

விருதை எண்ணுவது

1999-ல் ரஃபேல் பல்மேரோ முதல் பேஸில் நின்றது 28 ஆட்டம். மீதி ஆட்டங்களில் பெரும்பாலும் பேட் மட்டும் பிடித்தார். முதல் பேஸுக்கான கோல்டு கிளவ் அவருக்குத்தான்.

1957-க்கு முன் ஆள் இல்லை என்று நினைப்பது

கோல்டு கிளவ் தொடங்கியதே அந்த வருடம்தான். அதற்கு வெகுமுன்னே ஆடியவர் டிரிஸ் ஸ்பீக்கர், அவுட்ஃபீல்டிலிருந்து (மைதானத்தின் வெளிப்பகுதி) 449 அசிஸ்ட்.

பேட்டிங்கைப் பார்த்து இடம் கொடுப்பது

ஷார்ட்ஸ்டாப் மார்க் பெலாஞ்சர். பந்தைத் தடுப்பதில் கெட்டிக்காரர், பேட்டிங் சராசரியோ வெறும் .228. என் பட்டியலில் உண்டு.