பாதி எழுதிய கோப்பு மிஞ்சாமல் பைத்தானில் சேமிக்க

ஏற்கெனவே உள்ள கோப்பை 'டபிள்யூ' (எழுதும்) முறையில் திறந்த அந்த நொடியே அதன் அளவு 0 பைட் ஆகிவிடும். எழுதி முடிக்கும் முன் மின்சாரம் போனால் பழைய தரவும் இல்லை, புதியதும் இல்லை. அமைப்புக் (கான்ஃபிக்) கோப்புகளை ஒருபோதும் இப்படி நேரடியாக எழுதாதீர்கள்.

பதிலாக, தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு அதைப் பழைய கோப்பின் பெயருக்கு மாற்றுங்கள். பழைய கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் டெம்ப்ஃபைல் மாட்யூலின் எம்கேஎஸ்டெம்ப் கொண்டு தற்காலிகக் கோப்பு உருவாக்குங்கள். /டிஎம்பி (பொதுவான தற்காலிக ஃபோல்டர்) வேண்டாம், அது வேறு ஃபைல் சிஸ்டமாக இருந்தால் பெயர் மாற்றம் பிழையில் முடியும். முழுவதையும் எழுதி, முதலில் ஃப்ளஷ், பிறகு ஓஎஸ்.எஃப்சிங்க் (தரவை டிஸ்க்கில் பதிய வைப்பது). ஃப்ளஷ் மட்டும் போதாது: அது தரவை கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வரைதான் சேர்க்கும், டிஸ்க்குக்கு அல்ல. கோப்பை மூடிவிட்டு ஓஎஸ்.ரீப்ளேஸ் கொண்டு பழைய கோப்பின் பெயருக்கு மாற்றுங்கள் (பைத்தான் 3.3 முதல் உண்டு). ஓஎஸ்.ரீநேம் விண்டோஸில் அதே பெயரில் கோப்பு இருந்தால் பிழை தரும்.

லினக்ஸில் இன்னொன்று: அந்த ஃபோல்டரையும் திறந்து எஃப்சிங்க் செய்யுங்கள், இல்லையேல் பெயர் மாற்றமே டிஸ்க்கில் பதியாமல் போகலாம்.

பலர் கோட்டை விடுவது அனுமதியில். எம்கேஎஸ்டெம்ப் 0600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) அனுமதியோடு உருவாக்கும். 0644 (எல்லோரும் படிக்கலாம்) ஆக இருந்த கோப்பை மற்ற பயனர்களின் நிரல்கள் திடீரெனப் படிக்க முடியாமல் போகும். ரீப்ளேஸுக்கு முன், பழைய கோப்பின் அனுமதியைப் புதியதற்கு நகலெடுக்க ஷ்யூட்டில்.காப்பிமோட் போட்டுவிடுங்கள்.