ஷிமாவின் சிப்பை எண்ண வைப்பது எப்படி?

பாலிடெக்னிக் லேபில் இருபத்திரண்டு வருஷம் 8085 என்ற மைக்ரோபிராசஸர் சிப்பைச் சொல்லித்தரும் டிரெய்னர் கிட்டைத் தூசி தட்டி வைத்தவள் நான். அந்த 8085-க்கு முன்னோடி 8080. அதன் வடிவமைப்பில் பெரும்பங்கு மசதோஷி ஷிமாவுடையது என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஜப்பானில் வேதியியல் படித்தவர், கால்குலேட்டர் கம்பெனி வேலையாக இன்டெல்லுக்குப் போனார். 2,300 டிரான்சிஸ்டர் கொண்ட 4004 அங்கே 1971-இல் வந்தது, அதன் லாஜிக்கில் அவர் உழைப்பு இருக்கிறது. 1976-இல் ஜைலாக் என்ற கம்பெனியில் இஸட்80 சிப். அதை நீங்களே ஓட்டிப் பாருங்கள், ஒரு சாயங்காலம் போதும்.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடலாம். “எதுக்கும்மா இது? ஆர்டுயினோ எடுத்துட்டுப் போங்களேன்” என்று கடைக்காரர்கள் ரெடிமேட் போர்டைக் காட்டுவார்கள். சிரித்துவிட்டு, இஸட்80-இன் பிந்தைய வகையான இஸட்84சி00 என்றே கேளுங்கள். நடுவில் உள்ள அந்த ‘சி’ முக்கியம். அது சிமாஸ் வகை, எவ்வளவு மெதுவான கிளாக்குக்கும் (சிப்பை அடியடியாக நகர்த்தும் துடிப்புக்கு இந்தப் பெயர்) ஓடும். பழைய வகை ஓடாது. 2024-இல் ஜைலாக் இதை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டதால் போலியும் கலந்து வரும். அசிட்டோன் தொட்ட பஞ்சால் மேல்புறத்தைத் துடையுங்கள். கறுப்பு ஒட்டினால் மேலே புதுப் பூச்சு என்று அர்த்தம். என் முதல் சிப் அப்படித்தான் போனது. காப்பியடிப்பவர்களைக் குழப்ப முதல் இஸட்80-க்குள்ளேயே பொய் டிரான்சிஸ்டர்கள் வைத்தவர் ஷிமா. பெயிண்ட் டப்பாவை அவர் என்ன செய்ய முடியும்!

சரி, சால்டர் இல்லாமல் வயரைச் செருகும் பிரெட்போர்டுக்கு வருவோம். 11-ஆம் காலுக்கு 5 வோல்ட், 29 கிரவுண்ட், இரண்டுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 8080-க்கு +5, -5, +12 என மூன்று வோல்டேஜ் வேண்டும். இதற்கு ஒன்றே போதும், பழைய போன் சார்ஜரே கொடுத்துவிடும். 7 முதல் 10 வரை, 12 முதல் 15 வரை உள்ள எட்டும் டேட்டா கால்கள். ஒவ்வொன்றையும் 1 கிலோ ஓம் வழியாக கிரவுண்டில் போடுங்கள். எட்டும் பூஜ்யமானால் சிப் படிக்கும் கட்டளை 00, அதாவது ‘சும்மா இரு’. சும்மா இருந்தபடியே அடுத்த முகவரி, அடுத்த முகவரி என்று போய்க்கொண்டே இருக்கும். சிப்பை இடைமறிக்கும், காக்கவைக்கும் கால்களான 16, 17, 24, 25 நான்கும் 5 வோல்ட்டுக்கு. முகவரியின் கடைசி நான்கு இலக்கங்களைக் காட்டும் 30 முதல் 33 வரையிலான கால்களுக்கு ஆளுக்கொரு எல்இடி, 2.2 கிலோ ஓமுடன்.

கிளாக் 6-ஆம் காலுக்கு. துடிப்பு தரும் டைமர் சிப்பில் சாதாரண 555 வேண்டாம், அதன் வெளியீடு 5 வோல்ட் வரை ஏறாது, இஸட்80-இன் கிளாக்கோ கிட்டத்தட்ட முழு 5 கேட்கும். அதன் சிமாஸ் வகையான 7555 வாங்குங்கள். 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் போட்டால் வினாடிக்குச் சுமார் 10 துடிப்பு.

26 ரீசெட். 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட், பட்டன் வழியாக கிரவுண்ட். நான் காலிங் பெல் மாதிரி தட்டிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று அரைமணி நேரம் வயரைத் தடவினேன். மூன்று கிளாக் துடிப்பாவது, அதாவது 0.3 வினாடியாவது, அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு வினாடி பிடித்தால் கவலையே இல்லை.

விட்டதும் முதல் எல்இடி 0.4 வினாடிக்கு ஒருமுறை மாறும், அடுத்தது 0.8-க்கு. நாலாவது எரிய 3.2 வினாடி ஆகும். அதற்குள் வயரைப் பிடுங்கிவிடாதீர்கள். என் தங்கை மகன் பிடுங்கிவிட்டான்.