கீமோ நாட்களில் வயிறும் அடுக்களையும்

குமரி மாவட்டத்தில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களில் பலர் திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும், இன்னும் சிலர் நெய்யூர்ப் புற்றுநோய் மருத்துவமனைக்கும் போய்வருகிறார்கள். கீமோ என்று சுருக்கமாகச் சொல்லும் கீமோதெரபி மருந்து ஏறுவது மருத்துவமனையில் என்றாலும், அதன் தொந்தரவுகள் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான், அதுவும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் இரவுகளில் தலைகாட்டுகின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் மருத்துவர் அல்லர். அடுக்களையில் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கும் மகளோ, மருமகளோ, கணவரோதான். என் அம்மாவின் சிகிச்சைக் காலத்தில் அந்த இடத்தில் நின்றவன் என்ற முறையில், மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "கீமோ எடுப்பவர்களுக்கு நல்ல உணவு எது?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. மலச்சிக்கல் இருக்கும் நாளில் மருந்தாக இருக்கும் பழம், வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் தொந்தரவாகிவிடும். ஆகவே என்ன சமைப்பது என்று முடிவுசெய்வதற்கு முன், இன்று எந்தத் தொந்தரவு, மருந்து ஏறி இது எத்தனையாவது நாள் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு சாதாரண நோட்டுப் போதும். மருந்து ஏறிய நாளை ஒன்று என்று வைத்து, ஒவ்வொரு நாளும் எத்தனை முறை வாந்தி, எத்தனை முறை மலம் கழிந்தது, எத்தனை டம்ளர் தண்ணீர் உள்ளே போனது, காய்ச்சல் எவ்வளவு என்று எழுதிவைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை எடையையும் குறிக்க வேண்டும். இரண்டு சுற்று மருந்து ஏறி முடிவதற்குள் தொந்தரவுகள் எந்தெந்த நாட்களில் வருகின்றன என்பது அந்த நோட்டில் தெளிவாகத் தெரிந்துவிடும். மருத்துவரும் "கொஞ்சம் வாந்தி இருந்தது" என்பதைவிட "மூன்றாம் நாள் ஆறு முறை" என்பதைக் கேட்டுத்தான் மருந்தை மாற்றுவார்.

குமட்டலும் வாந்தியும்

கீமோ மருந்துகள் சிறுகுடலின் உட்சுவரிலுள்ள சில செல்களிலிருந்து செரட்டோனின் என்ற பொருளை வெளிவரச் செய்கின்றன. அது நரம்பு வழியாக மூளையிலுள்ள வாந்தி மையத்தைத் தூண்டுகிறது. ஒண்டான்செட்ரான் போன்ற மாத்திரைகள் இந்தத் தூண்டுதலைத் தடுப்பவை. ஆகவே குமட்டல் தொடங்கிய பிறகு அவற்றைப் போடுவதைவிட, தொடங்குவதற்கு முன்பே போடுவதுதான் பலன் தரும். "இப்போது ஒன்றும் இல்லையே, மாத்திரையை மிச்சம் பிடிப்போம்" என்று நினைப்பது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளில் முதல் நாள் அமைதியாகக் கழிந்தாலும், இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை குமட்டல் நீடிக்கலாம் என்பதால், எழுதிக்கொடுத்த நாட்கள் முடியும் வரை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. வேறு வகை மாத்திரைகளும் உண்டு, கேட்க வேண்டும்.

சிலருக்கு மருந்து ஏறுவதற்கு முன்பே, பேருந்து களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலையை நெருங்கும்போதே வயிற்றைப் புரட்டத் தொடங்கிவிடும். இது பாவனையும் இல்லை, பயந்த சுபாவமும் இல்லை. முந்தைய சுற்றின் வாந்தியை மூளை அந்த வழியோடும் மணத்தோடும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டுவிடுகிறது. இதற்கும் புறப்படுவதற்கு முன் போட்டுக்கொள்ளும் மாத்திரை உண்டு என்பதால், வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

இதே காரணத்தால்தான், மருந்து ஏறும் நாளிலும் மறுநாளும் நோயாளிக்கு மிகவும் பிடித்த உணவைச் சமைக்கக் கூடாது. அம்மாவுக்கு இரண்டாவது சுற்று முடிந்து வந்த அன்று, ஆசையாகச் சாப்பிடட்டும் என்று சாளை மீன் வாங்கிப் புளிமுளம் என்னும் குழம்பு வைத்தோம். அன்று இரவு வாந்தி எடுத்தவர், பிறகு பல மாதங்களுக்குச் சாளையின் பெயரைச் சொல்லவே விடவில்லை. பிடித்ததை நல்ல நாட்களுக்கு ஒதுக்கிவைத்து, அந்த இரண்டு நாட்களுக்குக் கஞ்சி, இட்லி, இடியாப்பம், ரஸ்க் போன்ற மணம் குறைந்த, எண்ணெய் குறைந்த உணவைக் கொடுப்பதே நல்லது. மூன்று வேளை நிறையக் கொடுப்பதற்குப் பதில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சிறிய கிண்ணம் போதும். சூடான உணவிலிருந்து ஆவியோடு மணமும் எழுவதால், புதிதாகச் சமைத்ததை ஆறவைத்துக் கொடுத்தால் குமட்டல் குறையும். மீன் பொரிப்பது, தேங்காய் எண்ணெயில் தாளிப்பது போன்றவற்றை நோயாளி படுத்திருக்கும் அறைக்கு எட்டாத நேரத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். சுக்குக் கஷாயம் கொஞ்சம் கருப்பட்டியோடு சிறு மிடறுகளாகக் குடிப்பது சிலருக்கு இதம் தருகிறது. வாயில் புண் இருந்தாலோ, இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ அதைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

ஒரு முழு நாள் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால், அல்லது எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் பிரியாவிட்டால், அதற்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

வயிற்றுப்போக்கு

இரினோடெக்கான், கேபசிட்டபின் போன்ற மருந்துகளும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அடிவயிற்றில் கொடுக்கும் கதிர்வீச்சும் குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. கதிர்வீச்சில் இது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தொடங்கும். வழக்கமாகக் கழிவதைவிட ஒரு நாளில் நான்கு முறை கூடினால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஏழு முறை கூடினாலோ, இரத்தம் கலந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ நேரில் போய்விட வேண்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையை முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்தால் சொன்ன அளவில் கொடுக்கலாம். காய்ச்சலும் இரத்தமும் இருக்கும்போது கடையில் வாங்கித் தாமாகக் கொடுப்பது ஆபத்து. புற்றுநோயை எதிர்க்க உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி எடுப்பவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்கு முற்றிலும் வேறு வகையானது. அங்கே உடலின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குவதால், பெரும்பாலும் ஸ்டீராய்டு தேவைப்படும். கஞ்சியும் மாத்திரையும் கொடுத்துக் காத்திருந்தால் காலம்தான் வீணாகும்.

உடலை விட்டுப் போவது தண்ணீர் மட்டும் அல்ல, உப்பும் சேர்ந்துதான் என்பதால் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் அவசியம். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கும், சிறிய பொட்டலம் 200 மில்லி தண்ணீருக்கும் உரியவை. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு வயிற்றுப்போக்கு அதிகமாகிவிட்டது என்று சொல்லும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே உறையில் எழுதியிருக்கும் அளவைப் படித்துவிட்டே கரைக்க வேண்டும். பொட்டலம் கையில் இல்லாத இரவில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கருக்கு என்று நாம் சொல்லும் இளநீரை வாங்கிக் குவிப்பது நம் ஊர் வழக்கம். அதில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, ஆனால் சோடியம் குறைவு. ஆகவே அது ஓ.ஆர்.எஸ்ஸுக்கு மாற்று ஆகாது. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய சிஸ்பிளாட்டின் எடுப்பவர்கள் அதை எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

உணவில், நாம் பழகிய சிவப்புச் சம்பா அரிசியை இந்த நாட்களுக்கு நிறுத்திவிட்டு, தவிடு நீங்கிய வெள்ளை அரிசியைக் குழைய வேகவைத்துக் கஞ்சியாகக் கொடுக்க வேண்டும். ஏத்தங்காய் என்னும் நேந்திரங்காயை வேகவைத்து மசித்தோ, அதை உலர்த்திப் பொடித்துக் குழந்தைகளுக்குக் காய்ச்சுவது போலக் காய்ச்சியோ கொடுக்கலாம். நம் மாவட்டத்துக்கே உரியதாகப் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்கு ஊட்டிவருகிறோம். நன்றாகப் பழுத்த மட்டி இந்த நேரத்திலும் ஒத்துக்கொள்ளும். பலாப்பழம், மாம்பழம், முருங்கைக்கீரைத் துவரன், தேங்காய் நிறைய அரைத்த குழம்பு, காரம், எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றை விலக்க வேண்டும். குடல் புண்ணானபோது பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறனும் தற்காலிகமாகக் குறைந்துவிடுவதால், பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் சத்துமாவைப் பாலில் கலக்கிக் கொடுப்பது தொந்தரவைக் கூட்டும். அன்போடு வாங்கிவந்ததை மறுக்க முடியாது. வாங்கி அலமாரியில் வைத்துவிடலாம்.

காய்ச்சலும் சுத்தமும்

மருந்து ஏறிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை பலருக்கு வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நாட்களில் வயிற்றுக்குள் போகும் சிறு கிருமிகூடப் பெரிய ஆபத்தாக முடியலாம். மற்றக் காலங்களில் உடலுக்கு நல்லதென்று கருதப்படும் பழங்கஞ்சியையும், பனையிலிருந்து இறக்கிய சூட்டோடு குடிக்கும் அக்கானி என்னும் பதநீரையும் அந்த நாட்களில் தவிர்க்க வேண்டும். அக்கானியைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டியால் அந்தப் பயம் இல்லை. வழியோரத்தில் உரித்துவைத்த நுங்கு, கடைச் சர்பத், வெட்டிவைத்த பழம் ஆகியவையும் வேண்டாம். மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கோ மீனோ, அன்று சமைத்ததை அன்றே சாப்பிட வேண்டும். வெப்பமானி 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். முதலில் ஒரு பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்ப்போம் என்பது இந்தக் காலத்தில் செய்யக் கூடாத செயல், ஏனெனில் மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிரத் தொற்றை நிறுத்தாது.

மலச்சிக்கல்

வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரானே மலத்தைக் கட்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தும் வலிக்கான மார்ஃபினும் இன்னும் கூடுதலாகக் கட்டும். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இப்போதுதான் சம்பா அரிசியும், பாளையங்கோட்டன் பழமும், கீரையும், வேகவைத்த சிறுபயறும் திரும்பிவர வேண்டும். நார்ச்சத்து போதிய தண்ணீர் இல்லாமல் உள்ளே போனால் கட்டியாகிவிடும் என்பதால், தண்ணீர் குடிக்க முடியாதவருக்கு இசப்கோல் என்னும் நார்ச்சத்து உமியைக் கொடுக்கக் கூடாது. முற்றத்தில் நாலு நடை நடப்பதும் உதவும். வெள்ளை அணுக்கள் குறைந்த நாட்களில் எனிமாவும், ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்தும் கூடாது. சிறு கீறல் வழியாகவும் கிருமி இரத்தத்தில் ஏறிவிடும்.

இங்கே எளிதில் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. பல நாள் மலம் கழியாமல் கெட்டியாக அடைத்திருக்கும்போது, அதன் ஓரமாக நீர்மட்டும் கசிந்து வரும். பார்ப்பதற்கு வயிற்றுப்போக்குப் போல இருக்கும். லோபெரமைடு கொடுத்துவிட்டால் நிலைமை மோசமாகும். நோட்டைப் புரட்டிப் பார்த்தால், கசிவுக்கு முந்தைய நான்கைந்து நாட்கள் வெறுமையாக இருப்பது கண்ணில்படும். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் சேர்ந்தால் குடல் அடைத்திருக்கலாம். அப்போது மலமிளக்கி எதையும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாயும் ருசியும்

ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிப்பது வாய்ப்புண்ணுக்கு எளிய காப்பு. வெற்றிலை பாக்கை நிறுத்த வேண்டும். ஆக்ஸாலிபிளாட்டின் எடுப்பவர்களுக்கு மட்டும், மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த தண்ணீரோ ஐஸோ கூடாது. தொண்டை இறுகி மூச்சு முட்டுவது போல ஆகிவிடும். எதைத் தின்றாலும் இரும்புச் சுவை அடிக்கிறது என்பவருக்கு எவர்சில்வர் கரண்டியை மாற்றிவிட்டு மரக் கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ கொடுத்துப் பார்க்கலாம்.

வயிறு அமைதியாக இருக்கும் நாட்களில்தான் இழந்த எடையை மீட்க முடியும். மரச்சீனிக் கிழங்கு தொண்டையில் எளிதாக இறங்குவதால் அதையே மூன்று வேளையும் கொடுக்கத் தோன்றும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. கிழங்கைத் தண்ணீர் வடித்து வேகவைத்து, கூடவே அயலையோ நெத்திலியோ வைக்கும் நம் பழைய சேர்க்கைதான் சரியானது. மீன் பிடிக்காமல் போனவருக்கு நன்றாக வெந்த முட்டையும் சிறுபயறும் இருக்கின்றன. பசியெடுக்க வைக்கும் என்று யாராவது சொல்லும் பச்சிலைச் சாறையோ லேகியத்தையோ மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம். சில மூலிகைகள் கீமோ மருந்து ஈரலில் சிதையும் வேகத்தையே மாற்றிவிடும்.

இரவில் அவசரம் வந்தால் திருவனந்தபுரம் வரை போய்ச் சேர நேரம் இருக்காது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகில் இருபத்துநான்கு மணி நேரமும் மருத்துவர் இருக்கும் இடத்துக்கோதான் போக நேரும். அங்கே பணியில் இருக்கும் மருத்துவருக்கு நோயாளியைத் தெரியாது. "இவர் கீமோ எடுப்பவர், இன்று பத்தாவது நாள்" என்பதை வாசலிலேயே முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சிகிச்சை அட்டை, கடைசி இரத்தப் பரிசோதனைத் தாள், மருந்துச் சீட்டு, அந்த நோட்டு, வெப்பமானி, வாந்திக்கு இரண்டு பை, ஒரு மாற்றுத் துணி ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டிவைத்துவிட்டால், அந்த நேரத்தில் அலமாரியைக் குடைந்துகொண்டிருக்க வேண்டியிருக்காது.