பெருங்குடல் பாலிப் பயாப்ஸி: ரிப்போர்ட்டைக் கெடுக்கும் தவறுகள்

கொலனோஸ்கோபியில் (குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) எடுத்த பாலிப்பை, அதாவது குடலின் உள்சுவரில் வளரும் சிறு சதை வளர்ச்சியை, சலைனில் (உப்புநீரில்) போட்டு, "சேலத்துல லேப்ல குடுத்துடுங்க" என்று உறவினர் கையில் கொடுத்தனுப்புவது மிகப் பெரிய தவறு. அரூரிலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ பஸ் ஏறிப் போய்ச் சேருவதற்குள் செல்கள் அழுக ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். அப்புறம் எவ்வளவு கைதேர்ந்த பேத்தாலஜிஸ்ட்டாலும் டிஸ்பிளேசியாவை (புற்றுக்கு முந்தைய செல் மாற்றத்தை) உறுதியாகச் சொல்ல முடியாது. எடுத்த கையோடு 10 சதவீத பஃபர்டு ஃபார்மலினில் (திசுவை அழுகாமல் காக்கும் திரவம்) போடுங்கள். திசுவைப் போல 10 மடங்காவது திரவம் வேண்டும்.

பெயரை மூடியில் எழுதாமல் டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டுங்கள், மூடி மாறிப்போகும். சீக்கத்தில் (பெருங்குடலின் தொடக்கம்) எடுத்ததையும் ரெக்டத்தில் (மலக்குடல்) எடுத்ததையும் ஒரே டப்பாவில் போடவே கூடாது. ஒன்றில் புற்று தெரிந்தால் எந்த இடத்துக்குத் திரும்பப் போவது?

காம்புள்ள பாலிப்பில், வெட்டுப்பட்ட முனையில் முதலில் மை தடவி, காம்போடு சேர்த்து நீளவாக்கில் அறுக்க வேண்டும். குறுக்கே அறுத்தால் புற்றுக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளக்க வழியில்லை. அந்த இடைவெளி 1 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மேல் சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

மைக்ரோஸ்கோப்பில் அதிகம் தவறவிடுவது, செசைல் செரேட்டட் லீஷனை (பின்னாளில் புற்றாக மாறக்கூடிய, தட்டையான பாலிப் வகை) ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் (பெரும்பாலும் ஆபத்தில்லாத வகை) என்று எழுதிவிடுவது. மேற்பரப்பில் இரண்டுமே ரம்பப் பல் போலத்தான் இருக்கும், வித்தியாசம் அடியில். சுரப்பிக் குழாயின் அடிப்பகுதி விரிந்தோ, எல் எழுத்துபோல் மடங்கியோ, தலைகீழ் டி போலப் படர்ந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். 2019 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி அப்படித் தெளிவாகத் தெரியும் ஒரே ஒரு குழாய் போதும். மெழுகு பிளாக்கில் திசு சாய்ந்து பதிந்திருந்தால் அடிப்பகுதியே தெரியாது. பிளாக்கில் இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள். வலப்பக்கக் குடலில் 10 மில்லிமீட்டருக்கு மேலான "ஹைப்பர்பிளாஸ்டிக்" என்றால் கட்டாயம் சந்தேகப்படுங்கள்.

சிக்மாய்டில் (ரெக்டத்துக்கு முந்தைய வளைந்த குடல் பகுதி) காம்பு முறுக்கிக்கொண்டால் அடினோமா (புற்றாக மாறக்கூடிய பாலிப் வகை) சுரப்பிகள் சப்மியூகோசாவுக்குள் (சளிச்சவ்வுக்கு அடியிலுள்ள அடுக்கு) தள்ளப்படும். அது புற்றுப் பரவல் அல்ல. சுற்றிலும் லேமினா புரோப்ரியாவும் (சுரப்பிகளைச் சூழ்ந்த மெல்லிய இணைப்புத் திசு) பழைய ரத்தக் கசிவின் பழுப்பு நிறமும் இருந்தால் நிதானியுங்கள். ஹை கிரேடு டிஸ்பிளேசியாவை (தீவிரமான செல் மாற்றத்தை) "கார்சினோமா இன் சிட்டு" (பரவாமல் அதே இடத்தில் உள்ள புற்று) என்று எழுதி, தேவையில்லாமல் ஒருவரைக் குடல் அறுவைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

வெறும் "அடினோமா" என்று ரிப்போர்ட்டை முடிக்காதீர்கள். டியூபுலரா (குழாய் வடிவமா), வில்லஸ் (விரல் போல நீண்ட) பகுதி உண்டா, ஹை கிரேடா என்று சொன்னால்தான் அடுத்த கொலனோஸ்கோபி எப்போது என்று டாக்டர் முடிவு செய்ய முடியும். பாலிப்பின் அளவும் அதே முடிவுக்கு வேண்டும். துண்டு துண்டாக எடுத்த பாலிப்பை லேபில் அளக்க முடியாது. ஸ்கோப்பில் பார்த்த அளவை எடுத்தவரே விண்ணப்பத்தில் எழுதிவிட வேண்டும்.