மீன்வளம், கடல்வளப் பொருளாதாரம்: மேற்படிப்புக்கு ஆய்வு உதவித்தொகை வாங்குவது எப்படி?

‘நெட்’ (தேசியத் தகுதித் தேர்வு) என்ற பெயரில் மூன்று தேர்வுகள் நடக்கின்றன. அவற்றில் இரண்டில்தான் உதவித்தொகை உண்டு, ஒன்றில் கிடையாது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு வருடத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஏ.எஸ்.ஆர்.பி. (வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம்) நடத்தும் நெட்டில் மீன்வளப் பாடங்கள் நேரடியாக இருப்பதால் அதற்கே முதலில் விண்ணப்பிக்கத் தோன்றும். அது உதவிப் பேராசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு, உதவித்தொகை கிடையாது. யு.ஜி.சி. நெட்டில் மீன்வளம் தனிப்பாடமாக இல்லை. பொருளாதாரம் பக்கம் போகிறவர் அதில் பொருளாதாரத் தாளையும், உயிரியல் பக்கம் போகிறவர் சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் உயிர் அறிவியல் தாளையும் எழுதலாம். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 2024 முதல் யு.ஜி.சி. நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. ஜே.ஆர்.எஃப். என்று போட்டிருக்கும் வகைக்கு மட்டுமே பணம்.

பொன்னேரியிலோ தூத்துக்குடியிலோ பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் இளநிலை) முடித்தவர்களுக்கு ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நுழைவுத் தேர்வு வழியாக மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் வரை கதவு திறந்திருக்கிறது. பி.எஸ்சி. விலங்கியல் படித்தவர்கள் எம்.எஃப்.எஸ்சி.க்குக் காத்திருக்க வேண்டாம். அவர்களுக்கு எம்.எஸ்சி. கடல் உயிரியல்தான் சரியான பாதை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம் அதற்குப் பேர்போனது.

அடுத்தது சான்றிதழ். பட்டினவர், செம்படவர், பர்வதராஜகுலம் ஆகியோர் மாநிலப் பட்டியலில் எம்.பி.சி., மத்தியப் பட்டியலில் ஓ.பி.சி. கையில் இருக்கும் எம்.பி.சி. சாதிச் சான்றிதழை நெட் விண்ணப்பத்துக்குக் காட்டினால் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ‘கிரீமி லேயர் அல்லாதவர்’ சான்றிதழை இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். பழையதை வைத்துக்கொண்டு அசட்டையாக இருக்காதீர்கள். நடப்பு நிதியாண்டுக்கு உரியதைத்தான் கேட்பார்கள். அது இருந்தால் யு.ஜி.சி. நெட்டுக்கு முதுநிலையில் 55க்குப் பதில் 50 சதவீதம் போதும். ஜே.ஆர்.எஃப்.புக்கான 30 வயது வரம்பிலும் ஐந்து வருடம் தளர்வு உண்டு. பெண்களுக்கு எந்தப் பிரிவாக இருந்தாலும் இந்த வயதுத் தளர்வு கிடைக்கும்.

தேர்வு முடிந்தாலும் ஆளை எடுப்பதும் விடுவதும் ஆய்வுத் திட்ட வரைவுதான். ‘வடசென்னை மீனவர் வாழ்வாதாரம்: ஓர் ஆய்வு’ என்று எழுதினால் பி.எச்டி. சேர்க்கை நேர்காணலில் முதல் கேள்விக்கே நிற்க முடியாது. அளந்து பார்த்துப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி வேண்டும். உதாரணமாக: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் திரும்பும் முதல் வாரங்களில், படகு ஒன்றின் நிகர வருமானம் உண்மையில் கூடுகிறதா, அல்லது வரத்து குவிந்து ஏல விலை இறங்குவதால் அந்த லாபம் கரைந்துவிடுகிறதா?

இதற்குக் காசிமேடு (ராயபுரம்) மீன்பிடித் துறைமுகத்தில் தரவு எடுக்கும்போது தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது, பிடிப்பைப் படகுகளின் எண்ணிக்கையால் வகுப்பது. முன்பு மூன்று நாளில் கரைக்கு வந்த படகு இப்போது ஒரு வாரம் கடலில் கிடந்தால், மீன் குறைந்திருந்தாலும் படகுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு குறையாமல் நிற்கும். எனவே வலை இழுத்த மணி நேரத்தைக் கேட்டு எழுதுங்கள். போக வர ஆன நேரத்தைக் கழியுங்கள். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவது. அன்று சில்லறைக் கூட்டம் அதிகம், விலையும் வேறு. மாதத்தின் நாட்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள், விடிவதற்கு முன்பே ஏலத்துக்குப் போய்விடுங்கள். ஏலம் கூடைக் கணக்கில் நடப்பதால், வஞ்சிரம், சங்கரா, கணவாய் என்று வகைக்குச் சில கூடைகளை ஐஸ் நீக்கி எடை போட்டுப் பார்க்காமல் கிலோ விலை எழுதாதீர்கள்.

மூன்றாவதுதான் பொருளாதார மாணவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம். படகு உரிமையாளர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், மீனை அவர் வழியாகவே விற்க வேண்டியிருக்கும், கமிஷனும் பிடித்தம் ஆகும். அப்போது ஏலத்தில் கேட்ட விலை உரிமையாளர் கைக்கு வருவதில்லை. டீசல், ஐஸ், சாப்பாடு, பேட்டா, கமிஷன் எல்லாம் கழித்து, தொழிலாளர் பங்கு போக என்ன மிஞ்சுகிறது என்பதைப் பயணம் பயணமாக எழுதினால்தான் அது நிகர வருமானம். கடன் இருக்கிறதா என்ற கேள்வியை முதல் நாளே கேட்காதீர்கள். நாலைந்து முறை பழகிய பிறகு அவர்களே சொல்வார்கள்.

மாதிரி எடுக்கும் முறைக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பலகட்ட அடுக்கு மாதிரி முறையைப் பின்பற்றுங்கள். அவர்களின் கணக்கோடு உங்கள் எண்களை ஒப்பிட முடியும். இந்திய மீன்வள ஆய்வு நிறுவனத்தின் சென்னைத் தளம் ராயபுரம் மீன்பிடித் துறைமுக வளாகத்திலேயே இருக்கிறது. நடந்து போகும் தூரம்தான். வரைவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

வெளிநாடு என்றால், அமெரிக்காவின் நோவாவும் (கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு) சீ கிராண்ட்டும் (பல்கலைக்கழகங்கள் வழியான கடல் ஆய்வுத் திட்டம்) சேர்ந்து மீன்வள இயக்கவியலுக்கும் கடல்வளப் பொருளாதாரத்துக்கும் தரும் ஃபெல்லோஷிப் பெரிதாகத் தெரியும். அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். அங்கே நமக்குள்ள வழி, பேராசிரியரின் ஆய்வு நிதியில் கிடைக்கும் அசிஸ்டன்ட்ஷிப். கட்டணத் தள்ளுபடியும் மாதச் சம்பளமும் சேர்ந்தே வருவது வழக்கம். விண்ணப்பிப்பதற்கு முன்பே அவருக்கு எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், மேலே சொன்ன கேள்வியையும் நீங்கள் எடுத்த தரவையும் காட்டி. ஐரோப்பாவில் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் ஐ.எம்.பி.ஆர்.சீ என்ற கடல் உயிர்வள முதுநிலைப் படிப்பு நல்ல தேர்வு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. நார்வேயில் பி.எச்டி. என்பது சம்பள வேலை. பணியிட விளம்பரம் வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். அங்கே முதுநிலைக்குப் போக நினைப்பவர்கள், 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களுக்குக் கட்டணம் உண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே உங்கள் வரைவையும் மதிப்பெண் பட்டியலையும் ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள். ‘ஒழுக்கமான மாணவர்’ என்ற நாலு வரிக்குப் பதிலாக, எடுத்த தரவைப் பற்றி அவர் எழுத முடியும்.