ஆலங்கட்டி மழைக்குப் பிறகு ரூஃபரோடு சேர்ந்து கிளெய்ம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட டெக்சாஸில் மார்ச் கடைசியில் தொடங்கி ஜூன் வரை, சாயங்காலம் வானம் கறுத்தாலே எல்லோருக்கும் கூரையைப் பற்றிய கவலைதான். 2016 ஏப்ரலில் வைலி ஊரில் விழுந்த ஆலங்கட்டிகள் கூரையோடு நிற்காமல் ஜன்னல் கண்ணாடிகளையும் உடைத்துக்கொண்டு உள்ளே போயின. நான் டாலஸ் பக்கம் ஒரு ரூஃபிங் கம்பெனியில், அதாவது கூரை போடும் கம்பெனியில், எஸ்டிமேட் போடும் வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் என்று நம் ஆட்கள் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் முதல் வீடு வாங்கியவர்கள். முன்னால் வந்தவர்கள் பணத்தை விட்டுக் கற்றுக்கொண்ட அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். போட்டோ எடுங்கள், ஈரக் கூரையில் ஏறாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்லும் சட்டங்கள் டெக்சாஸுக்கு உரியவை. வேறு மாநிலத்தில் இருந்தால் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவைத் தட்டியவரிடம் அன்றே கையெழுத்துப் போடுவது

மழை நின்ற மறுநாளே டேப்லெட்டோடு ஒருவர் வாசலில் நிற்பார். "கூரையைச் சும்மா பார்க்கிறோம், அதற்கு அனுமதி மட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்பார். அந்தத் தாளின் கீழ்ப்பகுதியைப் படித்தால், இன்சூரன்ஸ் கிளெய்மை ஒப்புக்கொண்டால் வேலை இந்தக் கம்பெனிக்குத்தான், மாற்றினால் இத்தனை சதவீதம் அபராதம் என்று இருக்கும். அதாவது நீங்கள் போட்டது ஒப்பந்தக் கையெழுத்து. வீட்டு வாசலில் போட்ட இந்த மாதிரி ஒப்பந்தத்தைப் பொதுவாக மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம், ஆனால் பலர் அந்த மூன்று நாள் போன பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

டெக்சாஸில் ரூஃபர்களுக்கு மாநில லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. ஒரு டிரக்கும் ஏணியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ரூஃபர் ஆகிவிடலாம். அதனால் விசாரிக்கும் வேலை முழுக்க உங்கள் தலையில்தான். உள்ளூர் முகவரி இருக்கிறதா, லயபிலிட்டி இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். சான்றிதழை ரூஃபர் கையிலிருந்து வாங்காமல், அவருடைய ஏஜென்டிடமிருந்து நேராக உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கணக்குப் பார்க்காமல் கிளெய்ம் போடுவது

முதலில் பாலிசியை எடுத்து, காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் தனியாகப் போட்டிருக்கும் டிடக்டிபிளை, அதாவது சேதச் செலவில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் பங்கைப் பாருங்கள். 2% என்றால் சேதத்தில் 2% இல்லை, வீட்டுக்கு எடுத்திருக்கும் காப்பீட்டுத் தொகையில் 2%. 5,00,000 டாலருக்குக் காப்பீடு இருந்தால் முதல் 10,000 டாலர் உங்களுடையது. சேதமே 9,000 டாலர்தான் என்றால் கிளெய்மில் கைக்கு ஒன்றும் வராது, கிளெய்ம் போட்ட பதிவு மட்டும் மிஞ்சும்.

"டிடக்டிபிளை நாங்க பாத்துக்கறோம்"

இதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கணக்கைப் பார்ப்போம். கூரையை முழுக்க மாற்ற 24,000 டாலர் என்று இன்சூரன்ஸ் ஒப்புக்கொள்கிறது. கூரை பழையது என்பதால் தேய்மானம் 7,000 கழித்தால் 17,000. அதில் உங்கள் டிடக்டிபிள் 10,000 போக முதல் செக் 7,000. வேலை முடிந்து பில் அனுப்பினால், பிடித்து வைத்த தேய்மானம் 7,000 வரும். ஆக இன்சூரன்ஸ் கொடுப்பது 14,000, மீதி 10,000 நீங்கள் கொடுக்க வேண்டியது. அதைக் கொடுக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், 24,000 டாலர் வேலையை 14,000 டாலருக்குச் செய்யப் போகிறார் என்று அர்த்தம். ஆனால் இன்சூரன்ஸுக்குப் போகும் பில்லில் 24,000 என்றே இருக்கும். அந்தப் பில் பொய். கிளெய்ம் உங்கள் பெயரில் இருக்கிறது, அதனால் பொய்யும் உங்கள் பெயரில்தான் போகிறது.

2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் இதற்குத் தெளிவான சட்டம் இருக்கிறது. டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வதோ, வேறு வழியில் திருப்பிக் கொடுப்பதோ ரூஃபருக்குக் குற்றம்: 2,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. டிடக்டிபிளைக் கட்டியதற்குச் சான்று காட்டினால்தான் தேய்மானப் பணத்தைத் தருவேன் என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. பணமான செக், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட், தவணை ஒப்பந்தம், இப்படி ஏதாவது ஒன்று வேண்டும்.

ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். கூரை போட்டு முடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "அண்ணா, டிடக்டிபிள் கட்டின ப்ரூஃப் கேட்டு லெட்டர் வந்திருக்கு, நான் ஒண்ணுமே கட்டலையே" என்றார். ரூஃபரிடம் கேட்டதற்கு, "ஒரு செக் எழுதிக் கொடுங்க, பணமானதும் ரொக்கமா திருப்பித் தந்துடறேன்" என்று பதில் வந்ததாம். நல்ல வேளை, அதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். செய்திருந்தால் பொய்ச் சான்று தயாரித்ததில் இவரும் கூட்டு. தேய்மானப் பணம் அங்கேயே நின்றுவிட்டது.

அதோடு முடியவில்லை. அடுத்த மழைக்குப் புகைபோக்கி ஓரமாக ஹாலில் தண்ணீர் இறங்கியது. நான் ஏறிப் பார்த்தேன். இடுக்கில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பழைய ஃபிளாஷிங் தகட்டையே திரும்ப வைத்து, மேலே கால்க் பசை பூசி, பெயின்ட் அடித்திருந்தார்கள். கூரை ஓரத்து டிரிப் எட்ஜ் தகடும் பழசு, காற்றுப் போகும் வென்டுகளும் பழசு. பில்லில் எல்லாம் புதிது என்று எழுதியிருந்தது. விட்டுக்கொடுத்த 10,000 டாலரை ரூஃபர் எங்கிருந்து எடுத்தார் என்பது அந்தக் கூரையிலேயே தெரிந்தது. இதில் என்னை அதிகம் வருத்தியது என்னவென்றால், அந்தத் தம்பியால் வாய் திறந்து புகார்கூடச் செய்ய முடியவில்லை. புதுத் தகடு போடவில்லை என்று சண்டை போட வேண்டுமானால் அந்தப் பில்லை வெளியே எடுக்க வேண்டும், எடுத்தால் அதில் உள்ள தொகையை அவர் கட்டவே இல்லை என்பதும் வெளியே வரும். படித்த, நேர்மையான மனுஷன், சொந்த வீட்டுக் கூரையைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாமல் நின்றார்.

"எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்று அவருடைய நண்பர் சொன்னாராம். எல்லோரும் செய்யவில்லை. செய்தவர்களில் மாட்டியவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். இதே விஷயம் வேறு பெயர்களிலும் வரும்: வாசலில் விளம்பரப் பலகை வைத்தால் தள்ளுபடி, ஆள் சேர்த்துவிட்டால் பணம், கூரை ஓரத்தில் மழைநீரை வடிக்கும் கட்டர் (gutter) இலவசம். மொத்தத்தில் டிடக்டிபிளை ஈடுகட்டத்தான் அது என்றால் பெயர் எதுவானாலும் அதே குற்றம். ஒப்பந்தத்தைப் பார்த்தாலே ஆளைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும். இன்சூரன்ஸ் பணத்தில் நடக்கும் 1,000 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலை என்றால், டிடக்டிபிளை வீட்டுக்காரர் கட்டியே ஆக வேண்டும் என்ற வாசகம் தடித்த எழுத்தில் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவரை அனுப்பிவிடுங்கள். மொத்தமாகக் கட்டக் கையில் பணம் இல்லையா, தவணை கேளுங்கள். முழுத் தொகையையும் கட்டி முடிக்கும் தவணை சட்டப்படி சரியானது.

அட்ஜஸ்டர் வரும் நாளில் ரூஃபர் இல்லாதது

சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள்தான் அட்ஜஸ்டர். அவர் வரும்போது ரூஃபரும் இருக்க வேண்டும். வேறொரு நாளுக்குத் தள்ளிப் போட்டாவது.

ரூஃபரை உங்களுக்காக வாதாட விடுவது

"இன்சூரன்ஸோடு நாங்களே பேசி முடித்துத் தருகிறோம்" என்பதும் டெக்சாஸில் சட்ட விரோதம். வீட்டுக்காரர் சார்பில் இன்சூரன்ஸோடு பேசுபவர் பப்ளிக் அட்ஜஸ்டர்; அந்த லைசென்ஸ் இல்லாமல் கிளெய்மைப் பேரம் பேசக் கூடாது. லைசென்ஸ் இருந்தாலும், தான் வேலை செய்யும் அதே வீட்டுக்கு அட்ஜஸ்டராக இருக்கக் கூடாது. ஒரு ரூஃபிங் கம்பெனி இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2024 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

அப்புறம் ரூஃபர் என்னதான் செய்யலாம்? அட்ஜஸ்டரோடு கூரையில் ஏறிச் சேதத்தைக் காட்டலாம். தன் வேலைக்கான அளவையும் விலையையும் விளக்கலாம். கூரை மேல் பதிக்கும் பழைய ஷிங்கிள் பட்டைகளைப் பிரித்த பிறகு அடியில் பலகை உளுத்திருந்தால், போட்டோவோடு கூடுதல் எஸ்டிமேட் கொடுக்கலாம். பாலிசியில் எது அடங்கும், எவ்வளவு தர வேண்டும் என்ற பேச்சு உங்களுடையது. அது உங்களால் முடியாத அளவுக்குச் சிக்கலானால் பப்ளிக் அட்ஜஸ்டரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் கட்டணம் கிளெய்ம் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

முதல் செக்கோடு நின்றுவிடுவது

மேலே சொன்ன 7,000 டாலர் தேய்மானப் பணத்தைக் கேட்காமலே விடுகிறவர்கள் உண்டு. வேலையை முடித்துப் பில் அனுப்பக் கெடு இருக்கும், அது பாலிசிக்குப் பாலிசி மாறும். எழுத்தில் கேட்டு வாங்கிக் காலண்டரில் குறித்துவையுங்கள். சில பாலிசிகளில் பழைய கூரைக்குத் தேய்மானம் திரும்பி வரவே வராது, அதை வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். செக்கில் வீட்டுக் கடன் கம்பெனியின் பெயரும் இருக்கலாம். அவர்கள் கையெழுத்துக்கு வாரக்கணக்கில் ஆகும், அதனால் செக் வந்த அன்றே அவர்களைக் கூப்பிடுங்கள்.

வேலைக்கு முன்பே முழுப் பணம்

கொடுக்காதீர்கள்.

கிளாஸ் 4 தள்ளுபடியில் ஒளிந்திருக்கும் கையெழுத்து

புதிதாகப் போடும்போது ஆலங்கட்டியைத் தாங்கும் கிளாஸ் 4 ஷிங்கிள் போட்டால் பிரீமியம் குறையலாம், நான் பெரும்பாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தத் தள்ளுபடிக்கான படிவத்தில், தோற்றத்தை மட்டும் கெடுக்கும் சேதத்துக்குப் பணம் கேட்க மாட்டேன் என்று ஒரு வரி இருக்கலாம். ஷிங்கிள் கூரைக்கு அது பெரிய விஷயமில்லை. மெட்டல் கூரை என்றால் பள்ளம் பள்ளமாக விழுந்தாலும், ஒழுகாதவரை ஒரு டாலர் வராது. அதனால் மெட்டல் கூரைக்காரர்கள் வருஷத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று ஏஜென்டிடம் தொகையாகக் கேட்டு, கூரையின் விலையோடு ஒப்பிட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.