படம் நல்லாத்தான் இருக்கு, கண்காட்சி எங்கன சொதப்புது?

நம்ம நெல்லைப் பக்கம் ஓவியக் கண்காட்சின்னா முதல் வேலை ஃப்ளெக்ஸ் அடிக்கிறதுதான். அதுல யாரு போட்டோ பெருசா வரணும், யாரு பேரு விட்டுப்போச்சுன்னு ஒரு வாரம் ஓடிரும், படத்தை எங்கன மாட்டப்போறோம்ங்கிற யோசனை முந்தின நாள் ராத்திரிதான் வரும். பாளையங்கோட்டையா இருக்கட்டும், அம்பாசமுத்திரமா இருக்கட்டும், ஊர்ப் பொது ஹால்ல வைக்கிற கண்காட்சி பலதும் விழாவா ஜோரா நடக்கும், ஆனா படம் பாக்க வந்தவன் ஒழுங்கா ஒரு படத்தையும் பாத்திருக்க மாட்டான். வரைஞ்சவங்க மேல தப்பு கிடையாது.

யாரு மனசும் நோகக்கூடாதுன்னு ஆளுக்கு அஞ்சு படம்னு வாங்கிப் போடுறதுல ஆரம்பிக்குது எல்லாம். "அண்ணாச்சி, மேல இன்னொரு வரிசை மாட்டலாம்லா, எடம் சும்மாதான கெடக்கு"ன்னு ஒருத்தர் சொல்லுவாவ, அதோட முடிஞ்சது கதை. கணக்கு சிம்பிள். இருபது அடி சுவர், படம் ஒவ்வொண்ணும் ரெண்டடி அகலம்னா ஆறு படம்தான் வைக்கலாம், பன்னெண்டு அடி படத்துக்கு, இடையிலயும் ரெண்டு ஓரத்துலயும் ஒரு அடி வீதம் ஏழு இடைவெளி, பத்தொன்பது அடி ஆயிட்டு. திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்துக்குள்ள நிலை நிலையா சுவர் நெறைய ஓவியம் இருக்கே, அது அழகா இல்லியான்னு கேப்பாங்க. அது அந்தச் சுவருக்குன்னே திட்டம் போட்டு வரைஞ்சது. நாம மாட்டுறது இருபது பேரு தனித்தனியா வீட்ல உக்காந்து வரைஞ்சது, நெருக்கி வச்சா ஒண்ணை ஒண்ணு அடிச்சிரும். அதனால முதல்ல சுவரை டேப் வச்சு அளந்துட்டு, எத்தனை படம்னு முடிவு பண்ணிட்டு, பொறவுதான் படம் கேக்கணும்.

அடுத்து உயரம். இதுலதான் எல்லாரும் விழுறாங்க. ஸ்டூல் போட்டு ஏறுறவரு தன் கை எட்டுற உயரத்துல ஆணி அடிச்சிருவாரு, கீழ நிக்கிறவன் சாமி படத்தை அண்ணாந்து பாக்குற மாதிரி பாக்கணும். உலகம் பூரா கேலரிகள்ல பொதுவா வச்சிருக்க அளவு, படத்தோட நடுப்பகுதி தரைல இருந்து 57 இஞ்ச், அதாவது 145 செ.மீ. வாக்குல வரணும். மேல் விளிம்பு இல்ல, நடு. ஆணி எங்கன வரும்னு பாக்க, படத்தோட உயரத்துல பாதியை 57-ஓட கூட்டிக்கோங்க, பின்னாடி உள்ள கம்பியை மேல இழுத்துப் புடிச்சா அது ஃப்ரேம் உச்சில இருந்து எத்தனை இஞ்ச் கீழ நிக்குதோ அதைக் கழிச்சிருங்க. 24 இஞ்ச் உயரப் படம், கம்பி 3 இஞ்ச் கீழ நிக்குதுன்னா 57 கூட்டல் 12, கழித்தல் 3, ஆணி 66 இஞ்ச்ல. பெரிய படத்துக்கு ஒத்தை ஆணிக்குப் பதிலா ஒரே மட்டத்துல ரெண்டு ஆணி அடிச்சா, ஃபேன் காத்துல சாஞ்சு நிக்காது. பள்ளிக்கூடப் புள்ளைங்க மட்டும் பாக்கப்போற கண்காட்சின்னா தாராளமா இன்னும் கீழ இறக்கலாம்.

ஹால்காரங்க ஆணி அடிக்க விடமாட்டாங்களேன்னா உடனே டபுள் சைடு டேப்புக்குப் போயிராதீங்க. டிஸ்டெம்பர் அடிச்ச சுவர்ல டேப் ஒட்டினா மாவு மாதிரி பெயிண்ட்டோட சேந்து உரிஞ்சு வரும், ராத்திரில கண்ணாடி ஃப்ரேம் தரைல கெடக்கும். பந்தல்காரர்ட்ட சொன்னா சவுக்குக் கம்பும் குறுக்குக் கழியும் கட்டி, வெள்ளைத் துணி இழுத்துக் குடுத்துருவாரு, கழில இருந்து நைலான் கயிறு விட்டு எஸ் கொக்கில தொங்கவிடலாம். சீர்வரிசை மேடைக்குக் கட்டுற கலர் ஜிகினாத் துணி வேண்டாம்னு மட்டும் முன்னாடியே சொல்லிருங்க, சொல்லலைன்னா அதுதான் வரும்.

லைட்டு. ஹால் டியூப்லைட் நேரா கண்ணாடில விழுந்தா, பாக்குறவனுக்கு அவன் மூஞ்சிதான் தெரியும். வெளிச்சம் மேல இருந்து ஏறக்குறைய 30 டிகிரி சாய்வுல படத்து மேல வரணும், மாட்டி முடிச்சதும் பாக்குற ஆள் நிக்கிற எடத்துல நின்னு ஒவ்வொரு படமா பாத்துருங்க. ஒரு பல்பு மஞ்சளா ஒரு பல்பு நீலமான்னு கலந்து போடாதீங்க, சிவப்பெல்லாம் செத்துப்போன மாதிரி தெரியும். வாட்டர்கலருக்கு வெளிச்சம் கம்மியாத்தான் வேணும், மியூசியம்ல தாளுக்கு 50 லக்ஸ் (லக்ஸ்னா வெளிச்சத்தை அளக்குற அலகு), எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ்னு வச்சிருப்பாங்க. நம்ம ஹால்ல லக்ஸ் மீட்டருக்கு எங்க போறது, மேற்கு ஜன்னல் வெயில் அதுமேல விழாமப் பாத்தாலே போதும். பத்தமடைப் பாய் காட்சிக்கு வச்சாலும் இதே கதைதான், சாயம் வெளுத்துரும். அதைத் தரைல விரிச்சு வச்சா செருப்புக் காலோட மிதிப்பாங்க, முழங்கால் உயரத்துல ஒரு மேடை போட்டுருங்க.

தேதி பாக்குறப்ப, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு டவுன்ல கூட்டம் வரும்லா, அன்னிக்கே வைப்போம்னு கணக்குப் போடாதீங்க, அந்தக் கூட்டம் தேர் பாக்க வருது. ஐப்பசி, கார்த்திகைல வச்சா ஈரத்துல தாள் நெளிஞ்சிரும், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல மவுண்ட் போர்டுங்கிற கெட்டி அட்டை வச்சு இடைவெளி விடலைன்னா பெயிண்ட் கண்ணாடில ஒட்டிக்கும், பூஞ்சையும் புடிக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தை நெல்லைல யாரும் மறந்திருக்க முடியாது, அதனால மாட்டாத படங்களைத் தரைல சாத்தி வைக்கிற பழக்கத்தை விட்டுருங்க, ஒரு பெஞ்சு மேல வச்சா என்ன கொறைஞ்சிரும். நேரமும் அப்படித்தான், காலைல பத்துல இருந்து சாயங்காலம் அஞ்சுன்னு போட்டா வேலைக்குப் போறவங்க யாரும் வரமுடியாது. எட்டரை வரைக்கும் திறந்து வைங்க.

திறப்பு விழால குத்துவிளக்கைப் படத்துக்குப் பக்கத்துல வைக்காதீங்க, மேடையை வேற சுவருக்கு மாத்துங்க. பேச்சு ரெண்டு பேரோட போதும். அல்வாவும் மிக்சரும் வாசலுக்கு வெளிய குடுங்க, கை துடைக்கப் பேப்பரும் வைங்க, நெய்க்கையோட "இது என்ன பெயிண்ட்டு"ன்னு தடவிப் பாக்குறதுக்கு நம்ம சனத்துக்குத் தனி ஆர்வம்.

படத்துக்குப் பக்கத்துல சீட்டு தமிழ்ல, நாலடி தள்ளி நின்னாலும் வாசிக்கிற எழுத்துல இருக்கணும். பேரு, தலைப்பு, எதுல வரைஞ்சது, அளவு, வருஷம், விலை. விலையைக் கேட்டாத்தான் சொல்லுவோம்னு வச்சா, நம்ம ஊர்ல கூச்சப்பட்டுக் கேக்காமலே போயிருவாங்க. வித்துப்போனா சீட்டுல ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிருங்க. கண்காட்சி நடத்துற மன்றத்துக்கு எவ்வளவு கமிஷன், எப்ப பணம் கைக்கு வரும்ங்கிறதை முன்னாடியே எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க, வாய்ப்பேச்சுல விட்டா சங்கடம்தான். படம் வந்து சேரும்போதே முன்னும் பின்னும் ஃபோன்ல போட்டோ எடுத்து வைங்க, ஃப்ரேம்ல கீறல் முன்னாடியே இருந்துச்சா இல்லையாங்கிற சண்டை வராது.

கடைசி நாள் ஹால் சாவிக்கு ஆள் வந்து நிப்பாரு, அவசரத்துல அக்ரிலிக் படம் ரெண்டை மூஞ்சியோட மூஞ்சி வச்சுக் கட்டிருவாங்க. நம்ம வெக்கைல அக்ரிலிக் இளகி ரெண்டும் ஒட்டிக்கும். இடையில பட்டர் பேப்பர் வைங்க, அதுக்கு மேல பபிள் ராப் சுத்தும்போது கொப்புளம் வெளிப்பக்கம் இருக்கணும், உள்பக்கம் வச்சா வட்ட வட்டமா பெயிண்ட்ல அச்சு விழுந்துரும்.